ஏழு மாத அலைச்சல்: என் மகனின் காதில் நின்ற நீர்

சென்ற மாதம் என் ஐந்து வயது மகனுக்கு இரண்டு காதுகளிலும் குரோமெட் (செவிப்பறையில் பொருத்தும் சிறு குழாய்) வைத்து, மூக்கின் பின்புறத்தில் இருக்கும் அடினாய்டு சதையையும் எடுத்தார்கள். எல்லாம் முடிய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த அறுவை சிகிச்சை மேசைக்கு அவனைக் கொண்டுபோய்ச் சேர்க்க எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. அதில் மூன்று மாதம் மருத்துவர் சொல்லிக் காத்திருந்தது. அதை நான் குறை சொல்லவில்லை. மீதி நான்கு மாதம் வீணாகப் போனதுதான் இன்னும் உறுத்துகிறது.

முதலில் சொன்னவர் வகுப்பாசிரியர். "பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதே இல்லை" என்றார். வீட்டிலும் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனான். எதைக் கேட்டாலும் "என்ன?" என்பான். வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குவான். பெரியவர்களைப் போலக் குறட்டை விடுவான். இவை எல்லாம் ஒரே நோயின் அடையாளங்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. வழக்கமாகப் போகும் மருத்துவரிடம் அழைத்துப்போனேன். அவர் கோப்பைப் புரட்டிவிட்டு, "பிறந்தபோது செய்த கேட்புச் சோதனையில் தேறியிருக்கிறான். காதில் ஒன்றுமில்லை, அடம் பிடிக்கிற வயது" என்றார். காதுக்குள் விளக்கடித்துக்கூடப் பார்க்கவில்லை. நான் அதை நம்பினேன். ஒரு மாதம் முழுக்க, காது கேட்காத குழந்தையைச் சொல் கேட்கவில்லை என்று திட்டினேன்.

இதைப் படிக்கும் பெற்றோர் ஒன்றை மட்டுமாவது மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறந்தபோது தேறிய சோதனை அன்றைய நிலையைத்தான் சொல்லும். செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்குவது இரண்டு வயதிலும் வரலாம், ஐந்து வயதிலும் வரலாம். மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் இணைக்கும் குழாய் குழந்தைகளுக்குக் குட்டையாகவும் கிடையாகவும் இருக்கிறது. அதன் வாயருகே அடினாய்டு வீங்கி நின்றால் காற்று உள்ளே போகாது. நீர் தேங்கிப் பசைபோல் கெட்டியாகிவிடும். பெரும்பாலும் வலி இருக்காது, காய்ச்சலும் இருக்காது. அதனால்தான் யாருக்கும் தெரியாமல் போகிறது.

காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் நேரம் கிடைக்க ஐந்து வாரம். போன அன்று பார்த்தால் இரண்டு காதிலும் குறும்பி அடைத்திருந்தது. செவிப்பறையே தெரியவில்லை, சோதனையும் செய்ய முடியாது என்றார்கள். சொட்டு மருந்து விட்டு, பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். அந்தப் பயணம் வீணானதற்கு நானே காரணம். வாரம் தவறாமல் பஞ்சுக் குச்சி விட்டுச் சுத்தம் செய்துவந்தேன். குச்சி குறும்பியை வெளியே எடுப்பதைவிட உள்ளே தள்ளி இறுக்குவதுதான் அதிகம். காது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். வெளி மடலைத் துணியால் துடைத்தால் போதும். கேட்புச் சோதனைக்கு நாள் குறித்திருந்தால், அதற்கு ஒரு வாரம் முன்பே யாராவது மருத்துவரிடம் காட்டிக் குறும்பி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது முறை எக்ஸ்ரேயில் சிக்கல். அடினாய்டின் அளவைப் பார்க்கப் பக்கவாட்டில் எடுக்கும் படம் அது. குழந்தை வாயை மூடி, மூக்கால் மூச்சு விட வேண்டும். இவன் அழுதுகொண்டே இருந்தான், படம் பயன்படவில்லை. கடைசியில் மருத்துவரே மெல்லிய எண்டோஸ்கோப்பை மூக்கில் விட்டு அரை நிமிடத்தில் பார்த்துவிட்டார். மூக்கின் பின்வழியை அடினாய்டு ஏறக்குறைய முழுவதுமாக அடைத்திருந்தது.

கேட்புச் சோதனை மட்டும் சுகமாக நடந்தது. ஒலி கேட்கும்போதெல்லாம் ஒரு கட்டையைப் பெட்டியில் போடச் சொன்னார்கள், விளையாட்டாகவே செய்தான். அவனுக்குக் கேட்ட மிக மெல்லிய ஒலி வலது காதில் 35 டெசிபல், இடது காதில் 30. இருபது வரை இயல்பு. கிசுகிசுப்பான பேச்சு ஏறக்குறைய 30 டெசிபல்தான். அப்படியென்றால் என் பிள்ளைக்கு மெல்லிய பேச்சு எதுவுமே எட்டவில்லை. அடுத்து டிம்பனோமெட்ரி: காதில் சிறிய அடைப்பானை வைத்துக் காற்றழுத்தத்தை மாற்றி, செவிப்பறை அசைகிறதா என்று பார்ப்பது. கோடு குன்றுபோல் ஏறி இறங்க வேண்டும். இவனுக்கு இரண்டு பக்கமும் தட்டையாக ஓடியது.

உடனே அறுவை சிகிச்சை என்று எதிர்பார்த்தேன். மருத்துவர் மறுத்தார். பல குழந்தைகளுக்கு மூன்று மாதத்துக்குள் நீர் தானாக வடிந்துவிடும், ஆன்டிபயாடிக்கோ சளி மருந்தோ இதற்கு உதவாது என்று பொறுமையாக விளக்கினார். மூக்கால் ஊதும் பலூன் ஒன்றைத் தந்து தினமும் ஊதச் சொன்னார். வகுப்பில் முன்வரிசையில் உட்காரவைக்கவும், முகத்தைப் பார்த்துப் பேசவும் சொன்னார். அந்த மூன்று மாதத்தில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என்ன நடக்கிறது என்று முதன்முறையாகத் தெரிந்திருந்தது.

மூன்று மாதம் கழித்து எடுத்த சோதனையில் அளவு 40, 35 என்று இன்னும் மோசமாகியிருந்தது. அறுவை சிகிச்சை நிபுணர் முதல் சோதனையின் வரைபடத்தைக் கேட்டார். எங்களிடம் இருந்தது "லேசான கேட்புக் குறைவு" என்று ஒரே வரி எழுதிய சீட்டுதான். பதிவேட்டுப் பிரிவில் இருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டு, "அந்தத் தேதியில் இந்தப் பெயரில் எதுவுமே இல்லை" என்றார். வரைபடம் இல்லாமல் முடிவெடுக்க முடியாது, புதிதாக இன்னொரு மூன்று மாதம் கவனிக்கலாம் என்றுகூட ஒரு பேச்சு எழுந்தது. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. இரண்டு வாரத்தில் நான்கு முறை அந்த மேசையின் முன் நின்றேன். நான்காவது முறை, சோதனை நாளன்று வாங்கிய வரிசைச் சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்திருந்தது நினைவுக்கு வந்தது. அதில் பதிவு எண் இருந்தது. எண்ணைக் கொடுத்ததும் ஒரு நிமிடத்தில் வரைபடம் திரையில் வந்துவிட்டது. மகன் பெயரில் ஓரெழுத்தை மாற்றிப் பதிந்திருந்தார்கள்! மன்னிப்பு என்று ஒரு சொல்கூட வரவில்லை. ஆனால் அச்சடித்த தாளைக் கையில் வாங்கியபோது கண் கலங்கிவிட்டது. சோதனை முடிந்ததும் வரைபடத்தின் நகலை அங்கேயே கேட்டு வாங்குங்கள். பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.

இடையில் மாமனாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று வாரமாக ஒரு காது மட்டும் அடைத்திருக்கிறது, சளிதான் என்று சும்மா இருந்தார். பேரனோடு வந்தவரை மருத்துவர் விடவில்லை. பெரியவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் நீர் தேங்கினால் மூக்கின் பின்புறத்தில் கட்டி எதுவும் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும் என்றார். நல்லவேளையாக அவருக்கு ஒன்றுமில்லை. ஒரே நாளில் ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அது அவசரநிலை, நாள் கடத்தினால் கேட்கும் திறன் திரும்பாமலே போகலாம் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டோம்.

அறுவை சிகிச்சைக்கு முதலில் குறித்த நாளும் வீண். மூன்று நாளாக அவனுக்கு இருமலும் சளியும் இருந்தன. முந்தின நாளே தொலைபேசியில் கேட்டேன். "பரவாயில்லை, வாருங்கள்" என்றார் எடுத்தவர். மயக்க மருந்து நிபுணர் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டதுமே திருப்பி அனுப்பிவிட்டார். அவர் செய்தது சரி, சளியோடு மயக்கம் கொடுப்பது ஆபத்து. மூன்று வாரம் தள்ளிப்போயிற்று. இன்னொன்றும் அன்று தெரியவந்தது. இரவு ஒன்பது மணிக்குமேல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று அதே தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். காலை பதினொரு மணி வரை பிள்ளை நாக்கு வறண்டு கிடந்தான். திட உணவுக்குத்தான் ஆறு மணி நேரம், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன்வரை தரலாம் என்று நிபுணர் சொன்னார். மயக்க மருந்து சம்பந்தப்பட்ட எதையும் அந்தத் துறையில் இருப்பவரிடமே நேரில் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தேதியில் எல்லாம் ஒழுங்காக நடந்து அன்று மாலையே வீடு திரும்பினோம். ஒரு வாரம் வாய் நாற்றமும் மூக்கால் பேசுவது போன்ற குரலும் இருந்தன. இரண்டையும் முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. இரத்தம் வந்தால் மட்டும் ஒரு நொடியும் தாமதிக்காமல் வரச் சொன்னார்கள், வரவில்லை. குரோமெட் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் பெரும்பாலும் தானாக விழுந்துவிடுமாம். அதுவரை குளிக்கும்போது சோப்பு நீர் காதுக்குள் போகாமல் பார்த்துக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள் மாலை, பக்கத்து அறையிலிருந்தவனை வழக்கம்போல உரக்கக் கூப்பிட்டேன். இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு வந்து நின்றான். "ஏன் அம்மா இப்படிக் கத்துகிறாய்?" என்றான். ஆறாவது வாரக் கேட்புச் சோதனை வரும் திங்கட்கிழமை. அதற்குள் வீட்டில் எல்லோரும் குரலைத் தணித்துப் பேசப் பழகிக்கொண்டிருக்கிறோம்.