பூட்டிய வீடும் மூன்றாவது சொட்டும்

மக்களின் உடல்நிலையை வீடுவீடாகப் போய்க் கேட்டும் அளந்தும் எழுதும் தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று 2019 ஜூனில் தொடங்கி, நடுவே கொரோனா ஊரடங்கால் தடைப்பட்டு, 2021 ஏப்ரலில் முடிந்தது. மும்பையிலுள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனத்தின் பொறுப்பில் 707 மாவட்டங்களில் 6,36,699 குடும்பங்களும், 7,24,115 பெண்களும், 1,01,839 ஆண்களும் பதில் சொன்னார்கள். இவ்வளவு பெரிய எண்ணிக்கையைப் பார்த்ததும், ‘இத்தனை பேரைக் கேட்டபிறகு தப்பு வர வாய்ப்பில்லை’ என்ற எண்ணம் வருகிறது. களத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இது ஆபத்தான எண்ணம். மாதிரி பெரிதானால் தற்செயலாக வரும் பிழை குறையும். கேள்வி கேட்கும் விதத்திலோ கருவியைப் பிடிக்கும் விதத்திலோ வரும் பிழை குறையாது. ஒரே பக்கம் சாயும் பிழை ஏழு லட்சம் பேரிடம் கேட்டாலும் அந்தப் பக்கமே சாய்ந்து நிற்கும்.

முதல் பிழை கதவைத் தட்டுவதற்கு முன்பே நுழைந்துவிடும். ஐந்தாவது சுற்றுக்கு அடிப்படை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. எட்டு ஆண்டுகளில் ஒரு தெருவில் என்னென்னவோ மாறியிருக்கும். அதனால் தேர்வான ஒவ்வொரு கிராமத்திலும், நகரமானால் ஒவ்வொரு கணக்கெடுப்புப் பகுதியிலும், முதலில் ஒரு குழு போய் வரைபடம் போட்டு, வீட்டுப் பட்டியலைப் புதிதாக எழுதுகிறது. பெரிய ஊராக இருந்தால் 100 முதல் 150 வீடுகள் கொண்ட துண்டுகளாகப் பிரித்து, இரண்டு துண்டுகளை மட்டும் எடுப்பார்கள். பட்டியலிலிருந்து சீரான இடைவெளியில் 22 குடும்பங்கள் தேர்வாகும். மாடியில் குடக்கூலிக்கு இருப்பவர்கள், கட்டுமான இடத்தில் தகரக் கொட்டகை போட்டிருப்பவர்கள், கடைக்குப் பின்னாலேயே குடியிருப்பவர்கள் எல்லாம் இந்தப் பட்டியலில்தான் விட்டுப்போகிறார்கள். விட்டுப்போனவர்களைப் பிறகு எந்தக் கணக்கும் மீட்டுக் கொடுக்காது.

தேர்வான வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போகக்கூடாது. வேறு நேரத்தில், வேறு நாளில் திரும்பத் திரும்ப வரவேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு இந்த விதியைப் புரியவைப்பதுதான் கடினம். பகல் பதினொரு மணிக்குப் பூட்டியிருக்கும் வீடு யாருடையது? கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீடு, கரும்பு வெட்டவோ செங்கல் சூளைக்கோ போன வீடு. அதை விட்டுவிட்டுத் திறந்திருக்கும் வீட்டை எடுத்தால் பகலில் வீட்டில் இருப்பவர்களின் உடல்நிலைதான் நாட்டின் உடல்நிலையாக எழுதப்படும். ஆண்களிடம் பதில் பெறுவது இன்னும் கடினம். ஐந்தாவது சுற்றில் தகுதியுள்ள பெண்களில் 97 சதவீதம் பேர் பதில் சொன்னார்கள், ஆண்களில் 92 சதவீதம். காலை ஏழு மணிக்கு முன்னும் இரவு ஏழு மணிக்குப் பின்னும் போகிற குழுவுக்குத்தான் ஆண்கள் கிடைப்பார்கள்.

உள்ளே போனதும் குடும்பப் பட்டியல். ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். நேற்று ராத்திரி இந்த வீட்டில் தங்கியவர்கள் யார் யார் என்பது தனிக் கேள்வி. அடுத்து வயது. பெண்களுக்கான நீண்ட நேர்காணல் 15 முதல் 49 வயதுவரை. ஐம்பது என்று எழுதிவிட்டால் நேர்காணலே வேண்டாம். ஒரு மணி நேர வேலை மிச்சம். இதனால்தான் இதுபோன்ற ஆய்வுகளில் 48, 49 வயதுக்காரர்கள் குறைந்து 50, 51 வயதுக்காரர்கள் திடீரென்று பெருகுவார்கள். கள மேற்பார்வைக்கான அட்டவணைகளை முதல் வாரத்திலேயே குழுவாரியாகப் பார்த்தால் யார் வயதைத் தள்ளுகிறார்கள் என்று தெரிந்துவிடும். முடித்த படிவத்தின் எண்ணிக்கைக்குக் கூலி கொடுத்தால் இந்தப் பிழை வந்தே தீரும். நாள் சம்பளமே சரியான வழி. நேர்மையாகக் கேட்கிறவர்களுக்கும் வயது சிக்கல்தான், பதில்கள் 40, 45, 50 என்று வந்து நிற்கும். அப்போது, “எம்.ஜி.ஆர். இறந்தப்போ நீங்க வயசுக்கு வந்திருந்தீங்களாம்மா?” என்று ஊர் அறிந்த சம்பவத்தோடு இணைத்துக் கேட்கவேண்டும். 1987 டிசம்பரைப் பிடித்துக்கொண்டு உண்மையான வயதை ஓரளவு நெருங்கிவிடலாம்.

புகையிலையும் மதுவும் வரும்போது யாரைக் கேட்டோம் என்பதே விடையைப் பாதி தீர்மானிக்கிறது. 2016-17ல் நடந்த உலக வயதுவந்தோர் புகையிலை ஆய்வில் ஒரு வீட்டுக்கு ஒருவரைக் கையடக்கக் கணினியே குலுக்கல்போலத் தேர்ந்தெடுக்க, அவரிடமே நேரில் கேட்டார்கள். இந்தியாவில் 15 வயதைக் கடந்த பெண்களில் 14.2 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துவதாக வந்தது. மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து, குடும்ப நல ஆய்வில் அதே வயதுப் பெண்களுக்கு 8.9 சதவீதம். பழக்கம் குறைந்ததும் உண்மையாக இருக்கலாம். ஆனால் பின்னதில் குடும்பத்துக்காக ஒருவர் எல்லோரையும் பற்றிச் சொல்கிறார். மருமகள் மாமியாரின் சுருக்குப்பையைப் பற்றி அந்நியரிடம் சொல்வாளா? முறை வேறான இரண்டு எண்களைக் கழித்து ‘இவ்வளவு குறைந்தது’ என்று எழுதுவது தவறு.

கேள்வியின் சொல்லும் முக்கியம். “புகையிலை போடுவீங்களா?” என்றால் வெற்றிலையோடு போடுகிறவர், “இல்லீங்க, வெத்தலைதான்” என்பார். வெற்றிலைபாக்கோடு புகையிலை, ஹான்ஸ், குட்கா, மூக்குப்பொடி, பல்லில் தேய்க்கும் பொடி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கவேண்டும். “குடிக்க மாட்டீங்கல்ல?” என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் வரும், கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. அளவு கேட்கும் ஆய்வுகளில், தொற்றாநோய்க் காரணிகளை ஆராய உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஸ்டெப்ஸ் முறைப்படி, 10 கிராம் தூய ஆல்கஹால் ஓர் அலகு. நம் ஊரில் யாரும் அலகில் குடிப்பதில்லை, குவார்ட்டரில் குடிக்கிறார்கள். 180 மில்லி பாட்டிலில் 42.8 சதவீதம் ஆல்கஹால், எடை கணக்கில் சுமார் 61 கிராம், அதாவது ஆறு அலகு. 650 மில்லி பீர் 5 சதவீதம் என்றால் ஏறத்தாழ இரண்டரை அலகு. “ஒண்ணுதான் சாப்பிட்டேன்” என்பதை ஓர் அலகு என்று குறித்துக்கொண்டால் ஆறில் ஐந்து பங்கு காணாமல் போகிறது. பாட்டில் படமுள்ள அட்டையைக் காட்டி, “எதுல ஒண்ணு? எத்தனை பேர் பகிர்ந்தீங்க?” என்று கேட்டால்தான் உண்மை வரும்.

உடலுழைப்பும் அப்படித்தான். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்பு போதுமான அளவு என்று கொள்கிறோம். நாள் முழுக்கத் தண்ணீர் சுமந்து, மாட்டுத்தொழுவம் கூட்டி, துணி அடித்துத் துவைக்கும் பெண்ணிடம் கேட்டால், “சும்மா வீட்லதான் இருக்கேன்” என்கிறார். அதை அப்படியே எழுதினால் அவர் உழைப்பில்லாதவர் ஆகிவிடுவார். காலையிலிருந்து மணிவாரியாக நடந்ததைச் சொல்லச் சொல்லி, நிமிடங்களைக் கூட்டவேண்டும். ஆய்வு முழுவதிலும் அதிகம் பொறுமை கேட்கும் பகுதி இதுதான் என்பது என் கருத்து.

ரத்த அழுத்தம் பார்ப்பதற்கு முந்தைய அரை மணியில் காப்பி, டீ, பீடி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்திருக்கவேண்டும். முதுகு சாய்ந்து, கால் தரையில் படிந்து, கால்மேல் கால் போடாமல், கை இதயத்தின் உயரத்தில் இருக்கவேண்டும். பல வீடுகளில் நாற்காலியே இருக்காது. சுவரோரம் சாய்ந்து உட்காரவைத்து, கைக்கு அடியில் தலையணையோ பெட்டியோ வைத்து உயரத்தைச் சரிசெய்வார்கள். குடும்ப நல ஆய்வில் ஐந்து ஐந்து நிமிட இடைவெளியில் மூன்று முறை பார்த்து, முதல் அளவை விட்டுவிட்டுப் பின்னிரண்டின் சராசரியை எடுக்கிறார்கள். புதியவர்களைக் கண்ட படபடப்பு முதல் அளவில் ஏறி நிற்கும் என்பதே காரணம். அந்த ஐந்து நிமிடத்தில் பேச்சுக் கொடுப்பது பெரிய தவறு. பேசினாலே அளவு ஏறும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினாலும் ஏறும். உயர் ரத்த அழுத்தத்துக்கான 140க்கு 90 என்ற எல்லையின் விளிம்பில் ஏராளமானோர் நிற்பதால், எல்லோருக்கும் ஐந்து புள்ளி கூடினாலே ஒரு மாநிலத்தின் சதவீதம் மாறிவிடும்.

ரத்தச் சொட்டுதான் எல்லாவற்றிலும் நுட்பமானது. ஹீமோகுளோபின் பார்க்க விரல் நுனியைக் குத்தி, முதல் இரண்டு சொட்டுகளைத் துடைத்துவிட்டு மூன்றாவதைச் சிறு பிளாஸ்டிக் குழிக்குள் ஒரே மூச்சில் ஏறவிடவேண்டும். நடுவில் காற்றுக்குமிழி வந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். ஸ்பிரிட் காயாமல் குத்தினால் ரத்தம் நீர்க்கும். சொட்டு வரவில்லை என்று விரலைப் பிழிந்தாலும் திசுநீர் கலந்து நீர்க்கும். இல்லாத சோகை காகிதத்தில் வந்துவிடும். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டுக் குத்துவதே சரி. இந்தக் குழிகள் இருக்கும் டப்பாவை 30 டிகிரிக்கு மேல் வைக்கக்கூடாது. மே மாதம் வேலூரிலோ திருத்தணியிலோ ஜீப்பின் டேஷ்போர்டில் வைத்த டப்பா என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

இந்த நுட்பத்தின் விலை தெரிந்த சம்பவம் ஒன்று உண்டு. குடும்ப நல ஆய்வின் 2015-16 நான்காவது சுற்றில் 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 58.6 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்தது. அதை ஒட்டி 2016-18ல் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வு, நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் சோதித்தபோது, 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் 41 சதவீதம் என்றது. வயது வரம்பில் வித்தியாசம் இருக்கிறது, உண்மைதான். ஆனாலும் இந்த இடைவெளியை அதனால் மட்டும் விளக்கமுடியாது. நரம்பு ரத்தமே நம்பகமானது. அதற்குப் பயிற்சி பெற்ற கையும், ஐஸ் பெட்டியும், சில மணி நேரத்துக்குள் எட்டக்கூடிய ஆய்வகமும் வேண்டும். மலைக்கிராமத்தில் மூன்றும் சேர்ந்து அமைவது அரிது. எந்த முறையை எடுத்தாலும் அடுத்த சுற்றிலும் அதையே எடுத்தால்தான் ஏற்ற இறக்கத்தைப் பேசமுடியும்.

அளந்து முடித்ததும் அவரவர் எண்களை அட்டையில் எழுதிக் கையில் கொடுக்கவேண்டும். சாப்பிட்ட நேரம் பாராமல் எடுத்த சர்க்கரை 140ஐத் தாண்டியிருந்தால் “உங்களுக்கு சுகர் இருக்கு” என்று சொல்லக்கூடாது. ஒரு சொட்டில் நோயை முடிவு செய்யமுடியாது. “கொஞ்சம் கூடுதலா காட்டுது, வெறும் வயித்துல ஒருதரம் ஆரம்ப சுகாதார நிலையத்துல பார்த்துடுங்க” என்று சொல்லி, அது எந்த ஊரில் இருக்கிறது, எந்தக் கிழமை சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கிறார்கள் என்பதையும் அட்டையின் பின்புறம் எழுதித் தரவேண்டும். இந்தத் தகவலைக் குழு ஊருக்குள் நுழையும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.