கொரியக் கடையில் சாவாளைக் குழம்பு

சிங்கப்பூருக்கு வரும் நம் கடற்கரைப் பிள்ளைகளிடம் கொரியச் சாப்பாட்டுக்குப் போகலாமா என்று கேட்டால், மேசை நடுவில் அடுப்பு வைத்து இறைச்சி வாட்டும் கடைதான் வேண்டும் என்கிறார்கள். தொடர்கள் பார்த்து வந்த ஆசை அது. தஞ்சோங் பகார் சாலையில் அத்தகைய கடைகள் வரிசையாக இருக்கின்றன. நானும் அங்கேதான் தொடங்கினேன். கத்தரிக்கோலால் வெட்டிய இறைச்சியை இலையில் மடித்து வாயில் போடுவது முதல் நாள் வேடிக்கையாக இருக்கும். அதன் பிறகு, கொடுக்கும் காசுக்கும் சட்டையில் ஏறும் புகைக்கும் அது கட்டுபடியாகாது. பாம்பனில் மீன் தின்று வளர்ந்தவனுக்கு ஏற்றவை வீட்டுச் சாப்பாடு போடும் சிறு கடைகள்தான் என்பது என் தீர்மானமான கருத்து.

அங்கே உட்கார்ந்ததும் கேட்காமலேயே சின்னத் தட்டுகளில் தொடுகறிகள் வந்துவிடும். அவற்றுக்குப் பெரும்பாலும் தனிக் காசு கிடையாது, தீர்ந்தால் மறுபடியும் வைப்பார்கள். கிம்ச்சியைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். உப்பிட்டு நொதிக்கவைத்த பொடி இறாலோ நெத்திலிச் சாறோ அதில் வழக்கமாகச் சேரும் என்பதை மட்டும் சைவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். என் கை முதலில் போனது நெத்திலிக் கருவாட்டுத் தட்டுக்கு. பொடி நெத்திலியை ஈரம் போக வறுத்து, சோயா சாறும் சர்க்கரைப் பாகும் விட்டுப் புரட்டி, எள் தூவியிருந்தார்கள். கருவாட்டில் இனிப்பா என்று முகம் சுளித்தபடியே தட்டைக் காலி செய்தேன். பெரிய நெத்திலிக்கு வேறு வேலை: தலையையும் குடலையும் கிள்ளிவிட்டு, காய்ந்த கடற்பாசியோடு கொதிக்கவைத்து இறுத்த நீர்தான் பல குழம்புகளுக்கு அடி. நம் வீட்டில் கருவாடு குழம்பிலேயே கிடக்கும். இங்கே சாற்றைக் கொடுத்துவிட்டு வெளியேறிவிடுகிறது.

இவை எல்லாவற்றையும்விட என்னை அசத்தியது சாவாளை. வெள்ளிப் பட்டையாக மின்னும் அந்த மீனைக் கொரியர்கள் கல்ச்சி என்கிறார்கள். ஜெஜு தீவில் பிடிபடுவதற்குத் தனி மதிப்பு உண்டு. அகன்ற சட்டியின் அடியில் முள்ளங்கியைத் தடித்த வில்லைகளாகப் பரப்பி, மேலே மீன் துண்டுகளை அடுக்கி, மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, சோயா சாறு கலந்து ஊற்றி, நீர் சுண்டும்வரை வேகவிடுகிறார்கள். புளி இல்லை, தேங்காய் இல்லை. மீன் சாற்றைக் குடித்துச் சிவந்து குழைந்த முள்ளங்கிதான் அந்தச் சட்டியில் முதலில் தீர்ந்துபோகிறது. விலையைப் பார்த்து வாய் பிளந்தேன்; விளைமீனுக்கும் பாறைக்கும் போட்டி போட்டு ஏலம் கேட்கிற நம் கரையில், சாவாளையைக் கருவாடாகவும் போட்டுவிடுகிறோமே!

என்னோடு தங்கியிருக்கும் கீழக்கரைக் காக்கா (முஸ்லிம் அண்ணன்) இந்தக் கடைகளுக்கு வருவதில்லை. "பன்றி இல்லைன்னா மட்டும் போதுமா தம்பி, மீன் வாடை போக என்னத்தை ஊத்துறாங்கன்னு கேட்டியா?" என்றார். அவர் கேட்டது சரிதான். கவிச்சி போக அரிசி மது சேர்ப்பது அங்கே சாதாரணம். அதனால் அவரோடு போகும்போது முயிஸ் எனப்படும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஹலால் சான்றிதழ் உள்ள கடையாகப் பார்த்துப் போகிறோம். வகைகள் சற்றுக் குறைவு, ஆனால் கடற்பாசி சூப் அங்கேயும் கிடைக்கும்.

அந்தச் சூப்பைக் கொரியர்கள் பிறந்தநாளன்று குடிக்கிறார்கள்; பிள்ளை பெற்ற தாய்க்கும், நாம் பால்சுறாப் புட்டு கொடுப்பதுபோல, அதைக் கொடுக்கிறார்கள். நம் பக்கம் பாசி சாப்பாட்டில் சேர்வது, ரமலான் நோன்பு திறக்கையில் கீழக்கரை வீடுகளில் செய்யும் கடல்பாசி இனிப்போடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. விரல்களில் துணி சுற்றி, காலில் தகட்டைக் கட்டிக்கொண்டு, பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்துப் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பாசியிலிருந்து அகார், ஆல்ஜினேட் என்ற கெட்டியாக்கும் பொருள்களை எடுக்கும் தொழிற்சாலைகளுக்குப் போய்விடுகின்றன. ஜெஜுவில் மூச்சடக்கி மூழ்கும் ஹேன்யோ பெண்களின் பண்பாட்டை யுனெஸ்கோ 2016இல் தன் பட்டியலில் சேர்த்தது. நம் பெண்களைப் பக்கத்து மண்டபம் ஊரைத் தாண்டினால் எத்தனை பேருக்குத் தெரியும்?

விடுமுறையில் ஊருக்குப் போனபோது, சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் என் அத்தைக்கு அந்தச் சூப்பை வைத்துக் கொடுத்தேன். காய்ந்த பாசியை ஊறவைத்ததும் அது பல மடங்கு பெருத்துச் சட்டி வழிய நின்றதை வியப்போடு பார்த்தவர், குடித்துவிட்டுக் காரம் பத்தவில்லை என்று சொல்லி, மிளகாய் கிள்ளிப் போட்டு இன்னொரு கொதி விட்டார். பிறகு பொட்டலத்தின் விலையைக் கேட்டார். சொன்னேன். "நாங்க முதுகு காய எடுக்குறதை இந்த வெலைக்கா விக்கிறாக?" என்று எழுந்தே விட்டார். அது குளிர்கடலில் வளரும் மியோக் என்ற வேறு இனம், நம்முடைய பாசியில் சேராது என்று எவ்வளவோ விளக்கினேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, நம் பாசியைக் கொரியாக்காரர்கள் என்ன விலைக்கு எடுப்பார்கள் என்று கடையில் கேட்டுச் சொல்லும்படி தொலைபேசியில் இன்னும் நச்சரித்துக்கொண்டிருக்கிறார்.