மாமா நெருங்கும் வருடம்

மார்ச் 16, திங்கள்

அப்பாவுக்கு மருத்துவமனையில் சன்னல் பக்கக் கட்டில் கிடைத்தது. ஒன்பதாவது மாடி. இரவு 10 மணிக்கு மேல் விளக்கைக் குறைக்கிறார்கள், அணைப்பதில்லை. நோட்டைக் கையோடு கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று.

நோட்டில் நான் கற்பனையாகக் கட்டும் கோளுக்கு வீட்டுச் சூரியன் எது என்று இன்று முடிவு செய்துவிட்டேன். நமக்கு அருகிலுள்ள விண்மீன் குடும்பமான ஆல்ஃபா செண்டாரியின் இரண்டாவது விண்மீன், பி. நம் சூரியனில் பாதி ஒளிதான். கோளை அதற்குக் கொஞ்சம் நெருக்கமாக வைக்க வேண்டும்: பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தில் 0.7 பங்கு. கணக்குப் போட்டால் வருடம் 224 நாள் வருகிறது, ஏறக்குறைய வெள்ளியின் வருடம். பெரிய விண்மீன் ஏ நம் சூரியனைவிட ஒன்றரை மடங்கு ஒளி உள்ளது. இரண்டும் ஒன்றையொன்று சுற்றி முடிக்க 80 வருடம். கிட்ட வரும்போது சனியின் தூரத்துக்குச் சற்று அப்பால் நிற்கும். விலகும்போது நெப்டியூனையும் தாண்டிப் போகும்.

மனிதர்கள் (அவர்களை வேறு எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை) இதில்தான் பிறந்து வளர்கிறார்கள்.

மார்ச் 17

தண்ணீர் நாளைக்கு ஒரு லிட்டர்தான் என்று அளவு வைத்துவிட்டார்கள். டம்ளரில் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 18, புதன்

நிழல். நாள் முழுக்க நிழலைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஏ எவ்வளவு பெரியதாகத் தெரியும் என்று போட்டுப் பார்த்தேன். மிக நெருங்கும்போதுகூட நம் சூரியனின் அகலத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. விலகும்போது வெறும் புள்ளி. ஆனால் அந்தப் புள்ளியின் வெளிச்சம் நம் முழுநிலவைப்போல ஐந்நூறு மடங்கு, நெருங்கும்போது ஐயாயிரம் மடங்கு. இரவில் புத்தகம் படிக்கலாம், ஊசியில் நூல் கோக்கலாம்.

நம் சூரியன் வட்டம், அதனால்தான் நம் நிழலின் ஓரம் மங்கிக் கலைந்து கிடக்கிறது. புள்ளி விளக்கு தரும் நிழல் அப்படி இருக்காது. கத்தியால் வெட்டியதுபோல விழும். ஒவ்வொரு மயிருக்கும் ஒரு கோடு, ஒவ்வொரு புல்லுக்கும் ஒரு கோடு. அப்படிப்பட்ட இரவில் ஒரு சிறிய பிராணி எப்படி ஒளிந்துகொள்ளும்? உடம்பின் நிறத்தை மண்ணோடு ஒன்றாக்கினாலும் நிழல் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே அங்கே வேட்டையாடும் விலங்கு இரையைப் பார்ப்பதில்லை, இரையின் நிழலைப் பார்க்கிறது. அதற்கு நிழலளப்பான் என்று பெயர் வைத்தேன். மரத்தில் தலைகீழாகத் தொங்கித் தரையில் விழும் நிழல்களை மட்டும் கவனிக்கும். கண்கள் கிடைமட்டப் பிளவாக இருக்கும்.

இரை என்ன செய்யும்? இங்கே சிங்கப்பூரிலேயே விடை இருக்கிறது. கொலுகோ, மரத்துக்கு மரம் மிதந்து போகும் விலங்கு! பதினைந்து வருடத்துக்கு முன் மேல் சிலேத்தார் நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில் அப்பாதான் காட்டினார். மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கிடந்தது. நான் பத்து நிமிடம் தேடினேன். உடம்பைச் சுற்றியுள்ள தோலை மரத்தோடு அழுத்திக்கொண்டால் ஓரத்தில் நிழலே விழாது. அதே தோலை விரித்து நூறு மீட்டருக்கு மேல் மிதந்தும் போகும். ஒரே தோலுக்கு இரண்டு வேலை.

என் பிராணிக்கு அந்தத் தோலின் ஓரத்தைக் கோரைப்பாயின் பிரிந்த ஓரம்போலச் செய்யப்போகிறேன். நீளம் நீளமாக, ஒழுங்கில்லாத மயிர். அப்போது அதன் நிழல் புல்லின் நிழலோடு கலந்துவிடும்.

வேற்றுக்கோள் விலங்கு என்றால் நம் ஊர் நாய்க்கு இரண்டு கால் கூடுதலாக ஒட்டிவிடுவது எனக்குப் பிடிக்காது. காலை ஒட்டுவதற்கு முன் அந்த ஊரில் வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று கேட்க வேண்டும்.

மார்ச் 21, சனி

ஹரி ராயா, நோன்புப் பெருநாள். வார்டில் பாதிக் கட்டில் காலி, வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எதிர்க் கட்டில் பெரியவரின் மகள் அரிசிக் கெத்துப்பாட்டும் இறைச்சி ரெண்டாங்கும் கொண்டுவந்து எனக்கும் ஒரு டப்பா கொடுத்தார். அப்பாவுக்கு உப்பு ஆகாது. மணத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்.

மார்ச் 22

ஆக்சிஜனை மூன்று லிட்டராக்கினார்கள். நேற்று இரண்டு.

மார்ச் 24, செவ்வாய்

தூங்கவில்லை. கீழே விரைவுச்சாலை முழுக்க ஆரஞ்சு விளக்கு. 2016-இல் வெளியான உலக வரைபடத்தில் மிக அதிக ஒளி மாசு உள்ள நாடு சிங்கப்பூர்தான். இங்கே வாழும் எல்லோர் தலைக்கு மேலும் வானம் அவ்வளவு வெளிச்சமாக இருப்பதால் கண் முழு இருட்டுக்குப் பழகவே பழகாதாம். அதைப் படித்த அன்றுதான் இந்த நோட்டு ஆரம்பித்தது. இருட்டே இல்லாத ஊரில் பிறந்த நான் இருட்டு அபூர்வமான ஒரு கோளைக் கட்டுகிறேன்.

ஆனால் அங்கே இருட்டு உண்டு. ஏ விண்மீன் வருடத்தில் பாதி நாள் இரவு வானில், பாதி நாள் பகல் வானில். இரண்டு சூரியன்களும் வானத்தில் ஒட்டிக்கொள்ளும்போது இரண்டும் சேர்ந்தே மறையும். அந்தச் சமயத்தில் மட்டும் நிஜ இரவு. 20 நாள் என்று வைத்துக்கொண்டேன். கருநாள்கள்.

அந்த 20 நாளில்தான் எல்லாம் நடக்க வேண்டும். ஒளிரும் பூச்சிகள் மீதி 204 நாளும் மண்ணுக்குள். வேறு நாளில் வெளியே வந்து மின்னினால் யார் கண்ணுக்குத் தெரியும்? நீ சூன் சதுப்புக் காட்டில் ஒரு மின்மினி இருக்கிறது, லூசியோலா சிங்கப்புரா. அது புதிய இனம் என்று 2021-இல்தான் பெயர் கொடுத்தார்கள். நாட்டில் மிச்சமிருக்கும் ஒரே நன்னீர்ச் சதுப்புக் காட்டில், இத்தனை விளக்குகளுக்கு நடுவில், யாரும் பெயர் வைக்காமலே அது மின்னிக்கொண்டிருந்திருக்கிறது. அதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

கருநாள்களில் சிறுவர்களை வெளியே கூட்டிப்போய் விண்மீன் காட்டுவார்கள். நம் சூரியனும் தெரியும். காசியோப்பியா விண்மீன் கூட்டத்தின் டபிள்யூ வடிவத்துக்குப் பக்கத்தில் கூடுதலாக ஒரு பிரகாசமான விண்மீன்.

மார்ச் 25

இரண்டு சூரியன்களும் கடைசியாக மிக நெருங்கியது 1955 ஆகஸ்ட்.

அப்பா பிறந்த மாதம்.

மார்ச் 26, வியாழன்

மறுபடி சரிபார்த்தேன். 1955 ஆகஸ்ட் நெருக்கம். 1995 மே மிக விலகல். அடுத்த நெருக்கம் 2035 மே.

95 நான் பிறந்த வருடம்.

மார்ச் 27, வெள்ளி

ஸ்கேன் மூன்றாவது முறையாகத் தள்ளிப்போயிற்று. காலையிலிருந்து வெறும் வயிறு, மாலை 4 மணிக்கு வந்து நாளைக்கு என்கிறார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் குரலை உயர்த்தினேன். அப்புறம் அந்தத் தாதியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையில் எதுவும் இல்லை.

கோபத்தில் ஏ விண்மீனைப் பற்றி எழுதியது முழுவதையும் அடித்துவிட்டேன். நான்கு பக்கம்.

ராத்திரி திரும்ப எழுதினேன். 2024 ஆகஸ்டில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஏ விண்மீனின் அருகே ஒரு புள்ளியைப் பார்த்தது. சனி அளவு எடையுள்ள கோளாக இருக்கலாம் என்றார்கள். 2025 பிப்ரவரியில் தேடினால் இல்லை. ஏப்ரலிலும் இல்லை. அந்த நேரத்தில் விண்மீனின் வெளிச்சத்துக்குள் ஒதுங்கியிருக்கலாம். ஒருமுறை தெரிந்து இரண்டுமுறை மறைந்த அந்தப் புள்ளியைத்தான் அவர்களுடைய இரண்டாவது வீடாக வைத்திருக்கிறேன். அந்தக் கோளின் நிலவுகளில் குடியேறியிருக்கிறார்கள்.

பேச்சு போய்ச்சேர நேரம் ஆகும். விண்மீன்கள் நெருங்கியிருக்கும்போது ஒரு சொல் போக ஒன்றரை மணி நேரம். விலகியிருக்கும்போது ஐந்து மணி நேரம். "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் பதில் வர மறுவேளை ஆகிவிடும். தூர வருடங்களில் வளர்ந்தவர்கள் நீளமாக, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்வார்கள். கிட்ட வருடங்களில் வளர்ந்தவர்கள் கேள்வி கேட்பார்கள். ஒரே மொழிதான், இரண்டு விதப் பேச்சு.

மார்ச் 28

ஸ்கேன் முடிந்தது.

மார்ச் 29, ஞாயிறு

அப்பா கொஞ்சம் தெளிவு. நோட்டை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். ஏ, பி என்று எழுதியிருந்ததைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்ன பாப்பா, புளோக் நம்பர் மாதிரி. பேரு வையி."

"நீங்களே சொல்லுங்கப்பா."

"வீட்டோட இருக்கறது அம்மா. அப்ப வந்துட்டுப் போறவரு மாமாதான். எம்பது வருசத்துக்கு ஒருக்கா வர்ற மாமா."

மூன்றாவது ஒன்று இருக்கிறது என்றேன். பிராக்ஸிமா, செங்குறுமீன் (சிறிய சிவப்பு விண்மீன்), நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் அதுதான், ஆனால் மற்ற இரண்டிலிருந்தும் வெகுதூரம் தள்ளி இருக்கிறது. பூமி–சூரியன் தூரத்தைப்போல 13,000 மடங்கு. ஒருமுறை சுற்றிவர ஐந்தரை லட்சம் வருடம். அவ்வப்போது திடீரென்று பொங்கித் தீயை வீசும்.

"சித்தி," என்றார் உடனே. "கோவக்காரி. தனியா போயிட்டா."

சித்தி வீட்டிலும் ஒரு கோள் இருக்கிறது. 2016-இல் கண்டுபிடித்தார்கள். அதற்கு வருடம் 11 நாள். அவர்களுடைய மூன்றாவது ஊர் அங்கே. ஒரு செய்தி போக 75 நாள், அதனால் கடிதம் மாதிரிதான். வீட்டுக் கோளிலிருந்து பார்த்தால் சித்தி மங்கலான சின்னப் புள்ளி. கருநாள்களில் மட்டும் தெரியும், அதுவும் தேடினால்தான்.

அப்பா கடைசியில் கேட்டார்: "அந்த ஊர்ல மாமா கிட்ட வந்தா சூடு தாங்குமா?"

நானும் இதே பயத்தில் ஒரு வாரம் இருந்தேன். போட்டுப் பார்த்தால் ஒரு சதவீதம்தான் கூடுகிறது. ஒரு டிகிரிகூட ஏறாது. மாமா வெளிச்சம் மட்டும்தான் கொண்டுவருகிறார்.

"அப்ப நல்ல மாமாதான்," என்றார்.

மார்ச் 30

விளிம்பு மயிரின் நீளம்: மாமா கிட்ட வரும் வருடங்களில் பிறக்கும் குட்டிகளுக்கு அதிகம். தூர வருடக் குட்டிகளுக்குக் குறைவு.

ஏப்ரல் 1, புதன்

பங்குனி உத்திரம். யீஷூன் முருகன் கோயிலுக்கு அப்பா போகாத வருடமே கிடையாது. முன்பெல்லாம் பால்குடம், பிறகு வரிசையில் நின்று மற்றவர்களுக்குத் தண்ணீர் ஊற்றுவார். இன்று நான் மட்டும் போய்விட்டு வந்தேன். திருநீற்றை நெற்றியில் வைத்தபோது கண்ணை மூடியே இருந்தார்.

60 வருடச் சுற்றை நமக்கு வியாழனும் சனியும் கொடுத்தன. வியாழன் ஐந்து சுற்று, சனி இரண்டு சுற்று. மன்மத வருடத்தில் பிறந்த அப்பாவுக்கு 2015-இல் மறுபடி மன்மத. தாலி கட்டிய அன்று அம்மா அழுதது நினைவிருக்கிறது. அங்கே அவர்களுக்கு 80. பிறந்தபோது மாமா எங்கே நின்றாரோ அங்கேயே திரும்பி வருவதைப் பார்ப்பது. நாமும் 80-ஐத்தான் ஆயிரம் பிறை கண்டது என்று கொண்டாடுகிறோம். நான் அமைத்ததில்லை இது. அவர்கள் வானமும் நம் வழக்கமும் தாமாகவே ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன.

2035. இன்னும் ஒன்பது வருடம்.

மருத்துவர் மாதக் கணக்கில் பேசுகிறார்.

ஏப்ரல் 2

எழுத முடியவில்லை.

ஏப்ரல் 4, சனி

விடியற்காலை 3 மணிக்கு வீட்டு நடைபாதையில் நின்றேன். தெற்குப் பக்கம், எதிர் புளோக்கின் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே. மேகம் விலகியபோது இரண்டு புள்ளிகள். இழுவைப் படகில் வேலை செய்த காலத்தில் அப்பா சொல்லிக்கொடுத்த வழி: தெற்குச் சிலுவையைக் காட்டும் இரண்டில், சிலுவையிலிருந்து தள்ளி இருப்பது. நிலா வெளிச்சம், நகர வெளிச்சம், இரண்டையும் மீறித் தெரிந்தது. அம்மாவும் மாமாவும் வெறும் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரிகிறார்கள். நான்கு வருடத்துக்கு முன் புறப்பட்ட வெளிச்சம். அப்போது அப்பா மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார்.

கைப்பேசியில் படம் எடுத்தேன். வெறும் கறுப்பு. இருந்தாலும் அழிக்கவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

படத்தைக் காட்டினேன். "தெரியுது," என்றார்.

இந்த வாரம் தெற்குத் தீவுகளில் பவளங்கள் முட்டையிடும். ஏப்ரல் முழுநிலவுக்குப் பிறகு மூன்றாம், நான்காம், ஐந்தாம் இரவு. கண் இல்லை, மூளை இல்லை, ஆனாலும் அத்தனையும் ஒரே மணி நேரத்தில் இளஞ்சிவப்பு உருண்டைகளை விடும். கப்பல்கள் நங்கூரமிட்டிருக்கும் கலங்கிய தண்ணீரில் நடக்கிறது இது. என் கோளின் கடலில் கருநாள் முதல் இரவுக்குக் காத்திருக்கும் ஒன்று வேண்டும் என்று இதை அறிந்த அன்றே முடிவு செய்தேன். அதற்கு எப்படித் தெரியும் என்பதுதான் தீரவில்லை. மாமாவின் வெளிச்சம் நாளுக்கு நாள் சீக்கிரம் மறைவதை எண்ணுமா? எண்ணினால் எதில் குறித்து வைக்கும்?

அப்பா சொன்னார், எண்ண வேண்டாமாம். இருட்டு வந்ததும் தெரிந்துவிடுமாம்.

இல்லை. முட்டை தயாராக முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். இதில் அவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. நாளைக்குச் சண்டை போட வேண்டும்.

ஏப்ரல் 6, திங்கள்

வேறு வார்டுக்கு மாற்றுகிறார்கள். அங்கே சன்னல் இல்லை.

நிழலளப்பான் எத்தனை குட்டி போடும் என்று கேட்டார். இரண்டு என்றேன். மாமா கிட்ட இருக்கிற வருசத்தில் மூன்றாக வை என்றார், இரை அதிகம் கண்ணுக்குப் படுமே. சரியான கேள்வி. ஆனால் அதே வருடத்தில் இரைக்கு மயிரும் நீளமாகிறது, அப்போது