முப்பது சொட்டு, பன்னிரண்டு சொட்டு

பதினோராம் நாளான இன்று, ஒரு கையில் பிடித்து மறு கையால் தட்டும் சின்னத் தோல்வாத்தியமான கஞ்சிரா ஆறும் ஒன்றாகப் பேசின. இரண்டே ஆவர்த்தனம்தான், அதாவது இரண்டு தாளச் சுற்று. ஆனால் ஆறிலும் அடிநாதம் 'தொம்' என்று கீழே இறங்கி வந்ததைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சென்னை திருவொற்றியூரை ஒட்டிய காலடிப்பேட்டையில் ஒரு மண்டபத்தில் நடக்கும் இரண்டு வாரக் கோடை இசை முகாம் இது. வாய்ப்பாட்டுப் பிள்ளைகள் கீழ்த்தளத்தில், தாளவாத்தியப் பிள்ளைகள் மாடியில். தியாகராஜர் திருவொற்றியூர் அம்மன் மீது பாடிய ஐந்து கீர்த்தனைகளில் கல்யாணி ராகத்தில் அமைந்ததைத்தான் கீழே பாடம் செய்கிறார்கள். கோயில் கோபுரம் நடந்து போகும் தூரத்தில் இருக்கும்போது வேறு எதைத் தேர்ந்தெடுக்க முடியும்? தட்டும் ஒலிகளை வாயால் சொல்லும் சொற்கட்டைச் சொல்லிக்கொடுப்பது மிருதங்க ஆசிரியரின் வேலை. கஞ்சிராக்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

கஞ்சிராவின் நாதம் கீழே இறங்கத் தோலின் உட்பக்கம் தண்ணீர் தடவ வேண்டும். முதல் வாரம் முழுவதும் அந்தத் தண்ணீரோடுதான் போராட்டம். காலை பத்து மணிக்குத் தட்டினால் தோல் 'டங் டங்' என்று தகரம் போலக் கத்தும். அதே அளவு தண்ணீரைப் பிற்பகலில் தடவினால் ஈரச்சாக்கை அடிப்பது போல நாதமே எழாது. பிள்ளைகள் கையில் அள்ளித் தெளித்தார்கள். மூன்றாம் நாள் ஒரு பையன், ஈரம் அதிகமாகிவிட்டதென்று கஞ்சிராவை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் கத்திரி வெயிலில் வைத்துவிட்டான். பத்து நிமிடத்தில் பட்டென்ற சத்தம். தோல் நடுவில் கிழிந்திருந்தது. அவன் அழுதான், எனக்கும் மனசு ஆறவில்லை. வீட்டிலிருந்து என் சொந்தக் கஞ்சிராவைக் கொண்டுவந்து எண்ணிக்கையை ஆறாக்கினேன்.

பஜனைகளில் ஒலித்த இந்த வாத்தியத்தைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை என்று அன்று மாலை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அவர் எத்தனை சொட்டுத் தண்ணீர் விடுவார் சார்?" என்று அதே பையன் கேட்டான். அந்தக் கேள்விதான் என்னை எண்ண வைத்தது. கண் மருந்துப் புட்டி ஒன்றைக் கழுவி எடுத்துக்கொண்டேன். தோலின் உட்பக்கத்தில் நடுவிலிருந்து சுட்டுவிரலால் வட்டமாகப் பரப்ப வேண்டும். கட்டை வளையத்தை ஒட்டி விரலகலம் விட்டுவிட வேண்டும், அங்கே ஈரம் தங்கினால் ஒட்டு விட்டுப்போகும். தடவிய கையோடு தட்டிப் பார்க்கக் கூடாது. எங்களிடம் இருப்பவை எல்லாம் ஆட்டுத்தோல், ஈரம் ஊறி இறங்க முழுதாக மூன்று நிமிடமாவது ஆகிறது. இந்த மூன்று நிமிடப் பொறுமையைப் பிள்ளைகளுக்குப் பழக்குவது தாளத்தின் ஐந்து நடை சொல்லிக்கொடுப்பதைவிடக் கடினம்.

எண்ணியும் கணக்கு ஒத்துவரவில்லை. ஒரு நாள் முப்பது சொட்டு சரியாக இருக்கும், மறுநாள் அதுவே அதிகம். விடை ஒரு மாணவியின் அப்பாவிடமிருந்து வந்தது. காசிமேட்டில் விசைப்படகுத் தொழில். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் மகளைத் தினமும் அவரே அழைத்து வருகிறார். நான் புட்டியோடு தடுமாறுவதை வாசலில் நின்று பார்த்தவர், "தம்பி, காற்று திரும்பி அரை மணி நேரமாகிறது, நீங்கள் இன்னும் காலைக் கணக்கையே வைத்திருக்கிறீர்களே" என்றார்.

அதுதான். முற்பகலில் மேற்கேயிருந்து அடிப்பது வறண்ட அனல்காற்று, தோல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கடற்காற்று உள்ளே வந்ததும் தோல் தானாகவே ஈரம் வாங்கிக்கொள்கிறது. கடிகாரத்தை மறந்துவிட்டு இப்போது மாடியில் காயும் வேட்டி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்க்கிறோம். கிழக்கே பறந்தால் முப்பது சொட்டு. மேற்கே பறந்தால் பன்னிரண்டு, அதுவும் மின்விசிறியை நிறுத்திவிட்டு. அந்த மாணவிதான் இப்போது வேட்டிக்குப் பொறுப்பு.

கிழிந்த கஞ்சிராவுக்குத் தோல் தேடிப் பெரியமேடு போனேன். அங்கே கிடைப்பதெல்லாம் பதனிட்ட தோல், செருப்புக்கும் பைக்கும் ஆகும், நமக்கு நாதம் தராது. பதனிடாத இளம் ஆட்டுத்தோல் வேண்டுமென்றால் ஆடு அறுக்கும் இடமான புளியந்தோப்பு ஆடுதொட்டிப் பக்கம் விசாரிக்கச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். உடும்புத்தோல்தான் உசத்தி என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். உடும்பு 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் உயிர், அந்தப் பேச்சே என்னிடம் வேண்டாம். செயற்கைத் தோலும் வாங்கிப் பார்த்தேன். தண்ணீர் வேண்டாம், உண்மைதான். ஆனால் இடக்கை விரலால் அழுத்தினால் நாதம் வளைந்து குழைய வேண்டுமே, அது வரவில்லை.

அடுத்த கோடைக்குப் பலாக்கட்டையில் வளையம் நானே கடைந்து பார்க்க வேண்டும். கடைசல் பட்டறை ஒன்றில் பேசியிருக்கிறேன். ஏழரை அங்குல விட்டம் போதும், சின்னக் கைகளுக்கு அதற்குமேல் பிடிபடாது.

முகாம் முடிய மூன்று நாள் இருக்கிறது. வாசிப்பைப் படிப்படியாகச் சுருக்கிக்கொண்டு போகும் குறைப்பு இன்னும் தொடங்கவில்லை. நாளைக் காலை ஒன்பதரைக்குப் பிள்ளைகள் வருவதற்கு முன் ஆறுக்கும் முதல் ஈரம் தடவி வைக்க வேண்டும்.