கையை விடாத செல்கள்

எம்டிசிகே என்ற நாய்ச் சிறுநீரகச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்தவர்களுக்குத் தெரியும், அவை லேசில் பெயர்ந்து வராது. வேறு பல செல்கள், பிடியை அறுக்கும் ட்ரிப்சின் நொதியை ஊற்றிய சில நிமிடங்களில் உருண்டு மிதக்கும். இவற்றைக் கால் மணி நேரம் இன்குபேட்டரில் வைத்த பிறகும் ஃபிளாஸ்க்கின் பக்கத்தில் தட்டிக்கொண்டிருப்பேன். வரும்போதும் தனித்தனியாக வராது, பாய் சுருண்டதுபோல மொத்தமாகப் பெயரும். 1958இல் மேடினும் டார்பியும் கலிஃபோர்னியாவில் ஒரு காக்கர் ஸ்பேனியல் நாயின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்த்த செல்களின் வம்சம் இது.

இரண்டு நாள் கூடுதலாக விட்டுவைத்தால் செல் விரிப்பில் கொப்புளங்கள் எழும்பும். சிறுநீரகத்தில் பழகிய வேலையை மறக்காமல், மேலேயுள்ள வளர்ப்புத் திரவமான மீடியத்திலிருந்து உப்பையும் நீரையும் உறிஞ்சி அடியில் தள்ளுகின்றன. நீர் சேரச் சேரத் தரையில் ஊன்றிய பிடி அங்கங்கே விட்டுப்போகும். பக்கத்துச் செல்லைப் பற்றிய பிடி மட்டும் விடாது. முதல் தடவை பார்த்தபோது மைக்ரோஸ்கோப்பை விட்டு எழுந்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தப் பிடியெல்லாம் புரதத்தின் வேலை என்றுதான் படித்திருந்தேன். கால்சியம் இருந்தால் ஈ-கேட்ஹெரின் என்ற புரதம் பக்கத்துச் செல்லைப் பற்றிக்கொள்ளும், ஈடிடிஏ போட்டுக் கால்சியத்தை எடுத்தால் விட்டுவிடும். செல்லைச் சுற்றிய சவ்விலுள்ள கொழுப்பு, அந்தப் புரதங்கள் செருகி நிற்கும் இடம், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது சைக்ளோடெக்ஸ்ட்ரின். சர்க்கரை மூலக்கூறுகள் வளையமாகக் கோத்த பொருள் அது. நடுக்குழியில் கொலஸ்ட்ராலை வாங்கிக்கொண்டு சவ்விலிருந்து வெளியே எடுத்துப் போய்விடும்.

வடிதாளில் வளர்த்த செல்களுக்கு அதை விட்டு, இரண்டு கால் மின்முனையை வைத்து மின்தடையை அளந்தேன். செல்களுக்கு இடையே இடுக்கு விட்டால் தடை விழ வேண்டும். ஆனால் முதலில் ஏறியது! மின்முனையைக் கழுவி மறுபடி வைத்தேன், அப்போதும் ஏற்றம்தான். பிறகு மெல்ல இறங்கத் தொடங்கி, தொடங்கிய இடத்துக்கும் கீழே போய்விட்டது. ஒரு புரதத்தைக்கூட நான் வெட்டவில்லை. கொலஸ்ட்ரால் போனதற்கே இடுக்கு இளகிவிட்டது.

தரைப்பிடியிலும் இதே கதைதான். சவ்வின் உள்பக்கம் பிஐபி2 என்றொரு கொழுப்பு இருக்கிறது. மொத்தக் கொழுப்பில் அதன் பங்கு மிகக் கொஞ்சம். ஆனாலும் தரைப்பிடியைக் கட்டும் டாலின், வின்குலின் என்ற புரதங்கள் அதோடு ஒட்டுகின்றன.

என் அக்கா மகனுக்குச் சிறுநீரில் புரதம் ஒழுகும் நோய். நான்கு வயதில் காலையில் கண்ணெல்லாம் வீங்கியிருக்கும். அக்கா தினமும் அவன் சிறுநீரைச் சோதனைக் குழாயில் காய்ச்சி, வெள்ளையாகத் திரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். ஸ்டீராய்டு மருந்துக்கு நோய் கேட்டது, பிழைத்தான். அந்த மருந்துக்குக் கேட்காத பிள்ளைகளில் சிலருக்குப் பழுது இருப்பது போடோசின் புரதத்தின் மரபணுவில். சிறுநீரக வடிகட்டியில் விரல்போல நீண்ட செல் நீட்சிகளின் இடுக்குகளில் இருந்துகொண்டு கொலஸ்ட்ராலைப் பற்றுகிற புரதம் அது. அப்படிப் பற்றுவதைச் சொல்லி 2006இல் வந்த ஆய்வுக் கட்டுரையைப் படித்தபோது அக்கா கையிலிருந்த குழாய்தான் கண்ணில் நின்றது.

சைக்ளோடெக்ஸ்ட்ரினைக் கழுவிவிட்டு, கொலஸ்ட்ரால் உள்ள சீரம் கலந்த மீடியம் ஊற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை பையைக்கூடக் கழற்றாமல் மின்முனையை எடுத்தேன். தடை பழைய அளவை நெருங்கியிருந்தது.