சென்சார் நல்லாத்தான் இருந்தது

ஏற்காடு ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுகள். அதில் 9-வதில் என் வண்டி இழுப்பதை விட்டுவிட்டது. இரண்டாம் கியர், ஆக்சிலரேட்டர் அடிவரை மிதித்தாயிற்று, பின்னால் பேருந்துக்காரர் ஹாரனில் கை வைத்தவர் எடுக்கவே இல்லை. டேஷ்போர்டில் செக் எஞ்சின் விளக்கு. பிள்ளைகள் மேலே போயே ஆகவேண்டும் என்று அழ, வண்டியைத் திருப்பி சேலத்துக்கே இறங்கினேன்.

1.3 லிட்டர் டீசல், 1,12,000 கிலோமீட்டர் ஓடியது. வீட்டுக்கு வந்து புளூடூத் ஸ்கேனரை மாட்டினால் பி0101 என்று கோடு (எரர் கோட்). எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் காட்டுகிற அளவு எஞ்சின் போடும் கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்பதுதான் அதன் பொருள். சென்சார் கெட்டுவிட்டது என்று அந்தக் கோடு எங்கேயும் சொல்லவில்லை. இது எனக்கு விளங்க மூன்று வாரமும் 7,000 ரூபாய்க்குக் கிட்டவும் ஆனது.

முதலில் போனது கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு. அட்வைசர் ஸ்கேனரைப் பார்த்தார், பானெட்டைத் திறக்கவே இல்லை. "சென்சார் மாத்தணும் சார், லேபரோட 14,000 வரும்" என்றார். ஹோஸ், வயரிங் எல்லாம் ஒருமுறை பார்க்கலாமே என்றேன். "கோடு என்ன சொல்லுதோ அதைத்தான் சார் நாங்க பண்ண முடியும்." பார்த்ததற்கு மட்டும் 1,180 ரூபாய் பில்.

அடுத்து தெருமுனை ஒர்க்‌ஷாப். அந்தத் தம்பி சென்சாரின் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஓட்டினேன், பிக்கப் திரும்பிவிட்டது! சிக்னல் இல்லாதபோது இசியு (எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர்) தன்னிடம் உள்ள உத்தேச மதிப்பை வைத்து டீசல் விடும். "பார்த்தீங்களா சார், சென்சார்தான்" என்றார். நானும் நம்பினேன். ஊரில் எல்லாரும் செய்கிற சோதனைதான். ஆனால் சென்சாரைத் தாண்டி எங்கேயாவது காற்று திருட்டுத்தனமாக உள்ளே போனாலும் இதே பலன்தான் கிடைக்கும். அப்போதும் சென்சார் சொல்லும் அளவு குறைவாகத்தான் இருக்கும். இசியு அதை நம்பி டீசலைக் குறைக்கும். கனெக்டரைக் கழற்றினால் வண்டி பறக்கும். யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்.

ஆன்லைனில் 3,800 ரூபாய்க்கு ஒரு சென்சார் வாங்கினேன். "ஒரிஜினல்" என்று போட்டிருந்தது. பெட்டியில் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துப்பிழை இருந்ததை மாட்டிய பிறகுதான் கவனித்தேன். போட்டதும் புது வியாதி: ஐட்லிங் தள்ளாட்டம், கரும்புகை. போலி சென்சார் காற்றைக் கூட்டிக் காட்டியிருக்கிறது. இசியு அதைச் சரிக்கட்ட இஜிஆரை, அதாவது எஞ்சின் விட்ட புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்கே அனுப்பும் வால்வை, திறந்து புகைக்காற்றை உள்ளே விட்டிருக்கிறது. பழைய சென்சாரில் ஒரு பொட்டு புகை கிடையாது. இழுவை இல்லை, ஆனால் புகையும் இல்லை. அது எவ்வளவு பெரிய துப்பு என்று அப்போது உறைக்கவில்லை. இஜிஆர் திறந்தபடி சிக்கியிருந்தாலோ, டர்போவுக்கு (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் விசிறி) பிறகு ஹோஸ் கிழிந்திருந்தாலோ வண்டி கருப்பாகக் கக்கியிருக்கும்.

ரிட்டர்ன் பண்ணினால், "பயன்படுத்திய பொருள்" என்று நிராகரித்துவிட்டார்கள்.

கடைசியில் நண்பர் ஒருவர் சங்ககிரியில் லாரி வேலை பார்க்கும் பெரியவரிடம் அனுப்பினார். காரெல்லாம் தொடமாட்டேன் என்று முதலில் மறுத்தார். ஸ்கேனரை நீட்டினேன், வாங்கவில்லை. எஞ்சினை ஐட்லிங்கில் விடச் சொல்லி, ஏர் ஃபில்டர் பெட்டியின் வாயைத் தேடி, ஒரு பலகைத் துண்டை வைத்து அழுத்தினார். "நிக்கணுமுங்க தம்பி. காத்தில்லாம எஞ்சின் எப்படி ஓடும்?" எஞ்சின் திணறியது, குலுங்கியது, ஆனால் நிற்கவில்லை. கூடவே கீழேயிருந்து "உஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். சென்சாருக்கும் டர்போவுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் ஹோஸ், அதன் மடிப்புக்குள், அடிப்பக்கம் விரல் நீளத்துக்கு வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் புத்தம்புதுசு. மலை ஏறும்போது எஞ்சின் சாய்ந்து டர்போவும் பலமாக உறிஞ்சினாலோ, இப்படிப் பலகையால் வாயை அடைத்தாலோதான் அது வாய் திறக்கும். ஐட்லிங்கில் நான் எடுத்த அளவுகள் எல்லாம் ஒழுங்காக இருந்ததன் ரகசியம் அதுதான். (பலகைக்குப் பதில் உள்ளங்கையை வைக்காதீர்கள். துணியை வைக்கவே வைக்காதீர்கள், உறிஞ்சிவிடும்.)

ஹோஸ் 950 ரூபாய். மாற்ற இருபது நிமிடம். கூலி கேட்டால் டீ வாங்கித் தரச் சொன்னார். வற்புறுத்தி 300 கொடுத்தேன்.

பழைய சென்சாரையே திரும்பப் போடுமுன் மல்ட்டிமீட்டரில் பார்த்தேன். சாவி ஆன், எஞ்சின் ஆஃப், காற்றோட்டம் இல்லாதபோது சிக்னல் வயரில் சுமார் 1 வோல்ட் வந்தது. என் வண்டியின் சென்சார் வகைக்கு அதுவே சரியான அளவு. வேறு வகைகளுக்கு மாறும். அப்புறம் கழுவல். ஏர் ஃப்ளோ சென்சாருக்கென்றே விற்கும் ஸ்ப்ரே தவிர எதுவும் வேண்டாம், கார்ப் கிளீனர் (கார்புரேட்டர் கழுவும் ஸ்ப்ரே) சென்சாருக்குள் இருக்கும் மெல்லிய ஃபிலிமைக் கெடுத்துவிடும். தெருமுனைத் தம்பி அன்றைக்கு ஏர் கன்னைத் தூக்கிக்கொண்டு வந்தபோது நல்லவேளையாகக் கையைப் பிடித்துத் தடுத்தேன். விரலோ பஞ்சோ படக்கூடாது. அடித்துவிட்டு முழுக்க உலரும்வரை மாட்டவும் கூடாது. எண்ணெய் தடவிய துணி ஃபில்டர் போட்டிருப்பவர்கள் அந்த எண்ணெய்ப் படலம் இங்கேதான் வந்து ஒட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஸ்கேனரில் அந்த எரர் கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். மூன்றாம் கியர், 2,500 சுற்று, முழு ஆக்சிலரேட்டர்: முன்பு நொடிக்கு 32 கிராமைத் தாண்டாத காற்று இப்போது 47. என் நண்பரின் அதே மாடல் வண்டியில் 48.

ஒரு கவலை மட்டும் பாக்கி. அந்த வெடிப்பு வழியாகப் போனது வடிகட்டாத காற்று. பழைய ஹோஸின் உள்சுவரில் விரலால் தடவினால் மண் ஒட்டியது. அந்த மண்ணெல்லாம் நேராக டர்போவின் இறக்கைகளுக்குத்தான் போயிருக்கும். பெரியவர் டர்போவின் தண்டை அசைத்துப் பார்த்து, ஆட்டம் இல்லை, ஓட்டுங்க என்றார். ஆயில் மட்டும் அன்றே மாற்றிவிட்டேன்.

போன ஞாயிறு 20 வளைவும் ஏறியாயிற்று. போலி சென்சார் டிக்கியில் கிடக்கிறது, பெட்டியோடு.