கோடு விழுந்த கேம் பாய்: திறந்து, துடைத்து, திரையை மீட்டது வரை

கையில் இருப்பது நின்டென்டோவின் முதல் கேம் பாய், கையடக்க வீடியோ கேம் மெஷின். 1989 ஏப்ரல் 21 அன்று ஜப்பானில் 12,500 யென் விலையில் கடைக்கு வந்த அதே சாம்பல் நிற மாடல். பின்பக்கம் டிஎம்ஜி-01 என்று போட்டிருக்கும். பழுதானது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், அதனால் விலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாங்கும்போதே தெரிந்த கோளாறுகள்: பேட்டரி அறையில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் படிவு, திரையில் மேலிருந்து கீழாகச் சில வரிசைகள் காணோம், வால்யூம் சக்கரத்தைத் தொட்டாலே கரகரப்பு, ஏ பட்டன் அழுத்தி அழுத்திப் பார்த்தால்தான் கேட்கும்.

நம்மில் பலருக்குச் சின்ன வயதில் கிடைத்தது இது அல்ல, "9999 இன் 1" என்று அட்டையில் போட்டு விற்ற பிரிக் கேம். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே ஜாடை. ஆனால் அதில் இருந்தவை முன்கூட்டியே பதித்து வைத்த 10க்கு 20 கட்டங்கள் மட்டுமே. கேம் பாயில் இருப்பது நிஜமான புள்ளித் திரை. இந்தப் பழுது வேலையில் எனக்கு முக்கியமும் அந்தத் திரைதான்.

ஏனென்றால் குறுக்கு வழி ஒன்று இருக்கிறது. பளிச்சென்று எரியும் ஐபிஎஸ் திரை கிட் வாங்கி மாட்டினால் சாயங்காலத்துக்குள் வேலை முடிந்துவிடும், பார்ப்பதற்கும் அட்டகாசமாக இருக்கும். நான் பழைய திரையையே காப்பாற்றப் பார்த்தேன். இந்த மெஷினில் மற்ற எல்லாமே அந்த மங்கலான திரையைச் சுற்றிப் போட்ட கணக்கு. அதைக் கழற்றி எறிந்துவிட்டால் மிச்சமிருப்பது வேறு ஏதோ ஒன்று.

முதலில் திறக்க வேண்டும். பின்பக்கம் ஆறு ஸ்க்ரூ, அதில் இரண்டு பேட்டரி அறைக்குள். எல்லாமே மூன்று கால் கொண்ட ட்ரை-விங் (tri-wing) தலை. வீட்டிலிருக்கும் ஸ்டார் திருப்புளியை நெரித்து உள்ளே விட்டால் தலை வழுக்கிவிடும், அப்புறம் எந்தக் கருவிக்கும் பிடி கிடைக்காது. ஒரு ட்ரை-விங் பிட் வாங்குவதே மேல். ஸ்க்ரூ கழன்றதும் இரண்டு பாதியையும் வெடுக்கென்று பிரித்துவிடக் கூடாது. நடுவில் 21 இணைப்புகள் கொண்ட தட்டையான ரிப்பன் கேபிள் போகிறது. புத்தகம் திறப்பதுபோல மெல்ல மலர்த்தி, கேபிளைச் சாக்கெட்டிலிருந்து நேராக உருவ வேண்டும். முன்பாதியில் திரை, பட்டன்கள், ஸ்பீக்கர். பின்பாதியில் சிப்பு, ரேம், ஆட்டம் பதிந்த கார்ட்ரிட்ஜைச் செருகும் சாக்கெட், பவர் ஸ்விட்ச், வால்யூம், கான்ட்ராஸ்ட் சக்கரங்கள்.

பேட்டரி ஒழுகினால் ஆசிட் கொட்டிவிட்டது என்போம். அல்கலைன் பேட்டரியிலிருந்து வருவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதாவது காரம். அதனால்தான் வினிகரோ எலுமிச்சைச் சாறோ அதை முறிக்கிறது. காது குடையும் பஞ்சுக்குச்சியை எலுமிச்சைச் சாற்றில் நனைத்துத் தடவினேன். சிறு நுரை கிளம்பி அடங்கியது. பிறகு தண்ணீர் தொட்டுத் துடைத்து, கடைசியாக ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால். ஸ்பிரிங் ஒன்றில் பூச்சு முழுக்கப் போய்த் துரு ஏறியிருந்ததால் அதை மட்டும் மாற்றிவிட்டேன். நான்கு புது டபுள் ஏ பேட்டரி போட்டு மல்டிமீட்டர் வைத்தால் 6 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டியது. அந்த 6 வோல்ட் நேராக எங்கும் போவதில்லை. தனியாக நிற்கும் ஒரு சின்ன பவர் போர்டு அதை சிப்புகளுக்கு 5 வோல்ட்டாகவும், திரைக்குச் சுமார் மைனஸ் 19 வோல்ட்டாகவும் மாற்றிக் கொடுக்கிறது. இரண்டும் சரியாக இருந்தன. பாதி நிம்மதி.

போர்டு கையில் இருக்கும்போதே அதைப் பற்றிக் கொஞ்சம். நடுவில் இருக்கும் பெரிய சிப்பு ஷார்ப் நிறுவனம் செய்தது. பிரபலமான பழைய பிராசசர் இசட்80 என்று பலர் சொல்லிவிடுவார்கள், ஆனால் அது இன்டெல் 8080-க்கும் ஸைலாக் இசட்80-க்கும் நடுவில் நிற்கும் ஒரு தனி வகை. வேகம் 4.194304 மெகாஹெர்ட்ஸ். விநோதமான எண்ணாகத் தெரியும், ஆனால் ஹெர்ட்ஸில் எழுதிப் பார்த்தால், இரண்டை 22 முறை பெருக்கினால் வருவது அதுதான். பக்கத்தில் இரண்டு ரேம் சிப்புகள், ஒவ்வொன்றும் 8 கிலோபைட். ஒன்று நிரலுக்கு, ஒன்று படத்துக்கு.

படத்துக்கான அந்த 8 கிலோபைட்டை எப்படிப் பங்கு போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால் ரசிக்கத் தோன்றும். திரை 160க்கு 144 புள்ளி, மொத்தம் 23,040. படத்தைப் புள்ளி புள்ளியாக நினைவகத்தில் வைக்கவில்லை. 8க்கு 8 புள்ளி கொண்ட சின்னச் சின்ன ஓடுகளாக வைக்கிறார்கள். ஒரு புள்ளிக்கு நான்கு சாயல், ஆக இரண்டு பிட். ஒரு ஓட்டுக்கு 16 பைட். 384 ஓடுகளுக்கு இடம் உண்டு, 6,144 பைட். மீதி 2,048 பைட்டில் எந்த ஓடு எங்கே என்று சொல்லும் 32க்கு 32 வரைபடம் இரண்டு. கூட்டினால் 8,192. ஒரு பைட் மிச்சமில்லை. திரையில் தெரிவது 20க்கு 18 ஓடுதான், வரைபடம் அதைவிடப் பெரியது. அதனால் பின்னணியை நகர்த்த ஒரு எண்ணை மாற்றினால் போதும், படத்தை மறுபடி வரைய வேண்டாம். நகரும் உருவங்கள் மொத்தம் 40, ஒரு கிடைவரியில் 10. அதற்கு மேல் ஒரே வரியில் கூடினால் மிச்சம் காணாமல் போகும். பழைய ஆட்டங்களில் எதிரிகள் கூட்டமாக வரும்போது உருவங்கள் மினுமினுப்பதற்குக் காரணம் இந்த வரம்பு. பத்து பத்தாக மாற்றி மாற்றிக் காட்டிச் சமாளிப்பார்கள்.

இதை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யோகோய். 1980-ல் கேம் அண்ட் வாட்ச் என்ற கையடக்க ஆட்ட வரிசையைக் கொண்டுவந்தவர். இன்று பெரும்பாலான கேம் கன்ட்ரோலர்களில் இருக்கும் சிலுவை வடிவப் பட்டன், 1982-ல் அந்த வரிசையில் வந்த டாங்கி காங்கில் அறிமுகமானது. அவருடைய கொள்கை: எல்லோருக்கும் பழகி, விலை மலிந்துபோன தொழில்நுட்பத்தை எடுத்து, யாரும் நினைக்காத வேலைக்குப் பயன்படுத்து. கேம் பாய் வந்த அதே 1989-ல் அட்டாரி லின்க்ஸ் கலர் திரையோடும் பின்விளக்கோடும் வந்தது. அடுத்த வருடம் ஜப்பானில் சேகா கேம் கியர். இரண்டுக்கும் ஆறு ஆறு பேட்டரி, சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கேம் பாய்க்கு நான்கு, பத்து மணி நேரத்தைத் தாராளமாகத் தாண்டும். காகிதத்தில் தோற்ற மெஷின் கடையில் ஜெயித்தது. பின்னால் வந்த கேம் பாய் கலரையும் சேர்த்தால் விற்பனை 11 கோடியே 80 லட்சத்தைத் தாண்டும்.

சரி, திரைக்கு வருவோம். பல நாள் தள்ளிப் போட்ட வேலை இதுதான்.

கண்ணாடியின் கீழ் விளிம்பில் மெல்லிய பழுப்பு நிறப் பட்டை ஒன்று ஒட்டியிருக்கும். அதில் முடி கனத்தில் கம்பிகள், செங்குத்து வரிசை ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக 160. இவை ஈயம் வைத்துப் பற்றவைத்தவை அல்ல. மின்சாரம் கடத்தும் பசையை வெப்பத்தில் அழுத்தி ஒட்டியது. வருடங்கள் போகப் போகப் பசை விடுகிறது, அந்தக் கம்பியின் வரிசை இறந்துவிடுகிறது. நல்ல விஷயம் என்னவென்றால், அதே பசையை மறுபடி சூடாக்கி அழுத்தினால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். கிடைவரிசைகள் போயிருந்தால் கஷ்டம், அந்தப் பட்டை பக்கவாட்டில் இருக்கிறது, சூடு அவ்வளவு சுலபமாக ஏறாது. எனக்கு வாய்த்தது செங்குத்து, அதிர்ஷ்டம்.

முன்பாதி போர்டைக் கழற்றி, பட்டையை மூடியிருந்த ரப்பர் போன்ற பட்டியை நுனிவிரலால் உரித்தேன். ரிப்பன் கேபிளை மறுபடி மாட்டி, பேட்டரி போட்டு, கார்ட்ரிட்ஜ் இல்லாமலே ஸ்விட்சைப் போட்டேன். எந்த வரிசை இறந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வேலை செய்ய அதுதான் வழி. கான்ட்ராஸ்டை முழுக்க ஏற்றினால் திரை இருண்டு, இறந்த வரிசைகள் மட்டும் வெள்ளைக் கீறலாகத் தெரியும். சால்டரிங் அயர்னைக் குறைந்த சூட்டில் வைத்து, முனையின் தட்டையான பக்கத்தால் பட்டை கண்ணாடியோடு சேரும் இடத்தில் மெல்ல இழுத்தேன். ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது, கண்ணாடியையும் தொடக் கூடாது. முதல் இழுப்பில் ஒன்றும் நடக்கவில்லை. திரும்ப வரும்போது ஒரு வரிசை துடித்து எழுந்தது, அயர்னை எடுத்ததும் போய்விட்டது. சூடு போதவில்லை என்று அர்த்தம். கொஞ்சம் ஏற்றி அதே இடத்தில் மறுபடி இழுத்தேன். அயர்னுக்குப் பின்னாலேயே விரலில் துணி சுற்றி அழுத்திக்கொண்டே வந்தேன். ஒவ்வொன்றாக வந்து நின்றன. இடது ஓரத்தில் ஒரு வரிசை மட்டும் இன்றுவரை அடம்பிடிக்கிறது. ஆறியதும் வருகிறது, அரை மணி நேரம் ஆடினால் போகிறது. அதைக் கிளறப் போய் பக்கத்தில் இருப்பதையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பட்டன்கள் சுலபம். அடியில் இருக்கும் ரப்பர் விரிப்பில் கருப்பு கார்பன் வட்டங்கள், போர்டிலும் அதற்கு நேராகக் கருப்புத் தடம். இரண்டையும் ஆல்கஹாலில் துடைத்தால் ஏ பட்டன் புதிது. வால்யூம் சக்கரத்துக்குள் கான்டாக்ட் கிளீனர் ஒரு பீய்ச்சு, பிறகு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சலிக்கும்வரை திருப்பினேன். கரகரப்பு பெருமளவு போய்விட்டது. திரைக்கு மேலே மூடியாக இருக்கும் பிளாஸ்டிக் லென்ஸ் கீறல் மயம். "டாட் மேட்ரிக்ஸ் வித் ஸ்டீரியோ சவுண்ட்" என்ற எழுத்தோடு புதுக் கண்ணாடி லென்ஸ் கிடைக்கிறது, அது ஒன்றுதான் நான் போட்ட புதுப்பொருள், ஸ்பிரிங்கைத் தவிர. ஸ்டீரியோ என்பது ஹெட்போன் மாட்டினால்தான். ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று.

மூடியதும் கார்ட்ரிட்ஜ் போட்டுப் பார்த்தேன். நின்டென்டோ பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கருப்புப் பட்டை இறங்கி வந்து அப்படியே நின்றது. இது மெஷின் கெட்டதற்கான அடையாளம் அல்ல. சிப்புக்குள் 256 பைட் அளவில் ஒரு தொடக்க நிரல் இருக்கிறது. கார்ட்ரிட்ஜில் 48 பைட்டாகப் பதிந்திருக்கும் லோகோவை அது படித்துத் திரையில் இறக்குகிறது, பிறகு தன்னிடமுள்ள பிரதியோடு ஒப்பிடுகிறது. ஒரு பிட் மாறினாலும் ஆட்டம் தொடங்காது. அனுமதி இல்லாமல் கார்ட்ரிட்ஜ் செய்பவர் நின்டென்டோவின் முத்திரையையே காப்பியடிக்க வேண்டிவரும், உடனே வழக்குப் போடலாம் என்பது ஏற்பாடு. கருப்புப் பட்டை வந்தால் கார்ட்ரிட்ஜிலிருந்து ஒன்றுமே படிக்க முடியவில்லை என்று பொருள். கார்ட்ரிட்ஜின் தங்க நிறப் பற்களை ஆல்கஹாலில் துடைத்தபோது பஞ்சு கருத்துப்போனது. வாயால் ஊதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், எச்சில் ஈரம் பற்களை அரிக்கும். மறுபடி மாட்டி ஸ்விட்சைத் தள்ளினேன். தள்ளும்போது ஒரு பிளாஸ்டிக் நாக்கு நகர்ந்து கார்ட்ரிட்ஜின் மூலையில் உள்ள வெட்டில் போய்ப் பூட்டிக்கொள்கிறது, ஆடும்போது யாரும் உருவிவிட முடியாது. பெயர் இறங்கி வந்தது, மணி அடித்தது.

போட்டது டெட்ரிஸ். வெறும் 32 கிலோபைட் ஆட்டம். வட அமெரிக்காவில் மெஷினோடு சேர்த்தே இதைக் கொடுத்தார்கள், அதற்காக வாதாடியவர் ஆட்ட வெளியீட்டாளர் ஹெங்க் ரோஜர்ஸ். இந்தத் திரையில் ஆடும்போதுதான் அந்த முடிவு எவ்வளவு சரி என்று புரிகிறது. வேகமாக நகரும் எதுவும் இதில் வால் பிடித்து இழுபடும், திரவப் படிகம் அவ்வளவு மெதுவாகத் திரும்புகிறது. ஓடிக்கொண்டே இருக்கும் ஆட்டங்களில் நிஜமாகவே கண் வலிக்கிறது, பழைய நினைவுகளுக்காக அதை மறைக்க மாட்டேன். டெட்ரிஸில் பின்னணி அசையாது, கட்டம் படிப்படியாக இறங்குகிறது, இழுபடல் தெரிவதே இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பிடித்து, கான்ட்ராஸ்டை ஒரு மயிரிழை திருப்பினால் பச்சைப் பின்னணியில் நான்கு சாயலும் தனித்தனியாகத் தெரிகிறது. டியூப் லைட்டுக்கு நேர் கீழே ஒன்றும் தெரியாது.

இப்போது ரீசார்ஜ் பேட்டரியில் ஓட்டுகிறேன். ஒன்றுக்கு 1.2 வோல்ட், நான்குக்கு 4.8. பவர் போர்டு முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்கிறது.

அடுத்து பாக்கி இருப்பது இரண்டு மெஷினை இணைக்கும் லிங்க் கேபிள். பக்கவாட்டுச் சாக்கெட் வழியாக நொடிக்கு 8,192 பிட், அதாவது ஒரு கிலோபைட் போகும். இரண்டு பேர் டெட்ரிஸ் ஆட அது ஏராளம். கேபிள் வந்துவிட்டது, கூட ஆட இன்னொரு மெஷின் வேண்டும். ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், போட்டோவில் கிடைவரிசைகள் காணோம். விலையை இன்னும் கொஞ்சம் குறைத்தால் எடுத்துவிடுவேன்.